ரோமா, வியன்னாவா, பாரிஸா? கட்டடக்கலை மாணவர்களுக்கு 12 இரவுகளில் எந்த வழி

ஐரோப்பாவுக்கு மாணவர்களை அழைத்துப் போகலாம் என்று ஒரு கல்லூரி முடிவெடுத்தால் போதும், பயண ஏஜென்சிகளிடமிருந்து அட்டவணைகள் வந்து குவியும். 12 நாளில் ஆறு நாடு, ஒன்பது நகரம். காலையில் பஸ், மதியம் ஒரு கோபுரம், சாயங்காலம் ஒரு கடைத்தெரு. ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு அது போதும். ஒரு கட்டடத்தின் முன்னால் உட்கார்ந்து பிளானும் செக்‌ஷனும் (தரைப்படமும் குறுக்குவெட்டுப் படமும்) வரைய வேண்டிய மாணவர்களுக்கு அது உதவாது. ஒரு முற்றத்தை அளந்து, நிழலைக் கவனித்து, ஒழுங்காக வரைந்து முடிக்கவே அரை நாள் ஆகும்.

எங்கள் கணக்கு இது: நான்காம் ஆண்டுக்குப் போகும் மாணவர்கள் 24 பேர், ஆசிரியர்கள் இரண்டு பேர், விமானப் பயணம் போக 12 இரவுகள். மே கடைசியில் கிளம்பி ஜூனில் திரும்ப வேண்டும். அடுத்த செமஸ்டரில் ஸ்டூடியோவுக்கு (வடிவமைப்புப் பாடத்துக்கு) எடுத்துக்கொள்ளப் போவது ஹவுசிங், அதாவது நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே வளாகத்தில் வாழும் குடியிருப்பு. இதற்கு மூன்று வழிகள் பேச்சில் இருந்தன. முதலாவது ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ். இரண்டாவது ஆஸ்திரியாவின் வியன்னா, செக் நாட்டின் பிர்னோ, பிராக். மூன்றாவது பாரிஸ், ரோட்டர்டாம், பெர்லின். நான் இரண்டாவது வழிக்குத்தான் கை தூக்குகிறேன். ஆனால் மற்ற இரண்டையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. அவற்றைத் தள்ளும்போது எதை இழக்கிறோம் என்று தெரிந்தே தள்ள வேண்டும்.

இத்தாலி: வரலாற்றுப் பாடத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது

முதல் ஆண்டில் கட்டடக்கலை வரலாறு படித்த எந்த மாணவரையும் கேளுங்கள், இத்தாலி என்றுதான் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ரோமில் பாந்தியன் என்ற பழைய கோயிலைக் கட்டி 1,900 ஆண்டு ஆகிறது. தரையிலிருந்து உச்சிவரை உயரமும் குவிமாடத்தின் விட்டமும் ஒரே அளவு, 43.3 மீட்டர். இந்த எண்ணைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்பார்கள். உள்ளே போய் நின்றால்தான், உச்சியில் இருக்கும் திறந்த வட்டத்திலிருந்து விழும் வெயில் சுவரில் மெல்ல நகர்வதைப் பார்த்து, அந்த எண் எதற்காக என்று புரியும். மழை பெய்தால் தண்ணீர் நேரே உள்ளே விழும். அது வடிந்து போகத் தரையை நடுவில் லேசாக மேடாக்கி, சின்னச் சின்னத் துளைகள் போட்டிருக்கிறார்கள்.

ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் மேல் புருனெல்லெஸ்கி கட்டிய குவிமாடம் இன்னொரு பெரிய பாடம். 1420 முதல் 1436 வரை கட்டியது, கீழிருந்து தாங்கும் மரச்சாரம் இல்லாமல். 463 படி ஏறினால் உள் ஓட்டுக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் நடந்து போகலாம். அங்கே செங்கல்கள் மீன்முள் மாதிரி சாய்ந்து சாய்ந்து அடுக்கியிருப்பது கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். ஈரக் கலவை இறுகும்வரை கல் ஏன் சரியவில்லை என்ற கேள்விக்கு விடை அந்த அடுக்கில்தான் இருக்கிறது. வகுப்பில் ஒரு வாரம் விளக்கினாலும் இது இவ்வளவு தெளிவாக வராது.

ஹவுசிங்குக்கு இத்தாலியில் எதுவும் இல்லை என்று யாராவது சொன்னால் அது தவறு. ரோமின் தெற்கே 1920-இல் தொடங்கிய கார்பத்தெல்லா இருக்கிறது. தொழிலாளர்களுக்காகக் கட்டிய தோட்டக் குடியிருப்பு. முற்றங்களில் துணி காயும், பெஞ்சுகளில் பாட்டிமார் உட்கார்ந்திருப்பார்கள். நகரத்தின் தென்மேற்கு ஓரத்தில் கொர்வியாலே இருக்கிறது, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே கட்டடம். 1970-களில் மாரியோ ஃபியோரெந்தீனோ தலைமையில் வடிவமைத்தது. நான்காவது மாடியைக் கடைகளுக்கும் பொதுச் சேவைகளுக்கும் ஒதுக்கினார்கள். கடைகள் வரவில்லை, வீடில்லாத குடும்பங்கள் அந்த மாடியில் புகுந்து தாங்களே சுவர் எழுப்பிக் குடியேறிவிட்டன. வரைபடத்தில் நாம் ஒதுக்கும் இடத்துக்கும் மனிதர்களுடைய தேவைக்கும் உள்ள தூரத்தை இதைவிட நன்றாகச் சொல்லும் கட்டடம் அரிது.

அப்புறம் ஏன் இத்தாலி வேண்டாம் என்கிறேன்? கூட்டம், அதுதான் முதல் காரணம். ஜூனில் ரோமின் கொலோசியத்திலும் ஃபுளோரன்ஸின் உஃபீசி ஓவியக்கூடத்திலும் நேரம் குறித்த டிக்கெட் இல்லாமல் நுழைய நினைப்பதே வீண். 26 பேருக்கு ஒரே நேரத்தில் டிக்கெட் கிடைப்பது அதைவிடக் கடினம். வெனிஸில் 2024 ஆகஸ்ட் முதல் வழிகாட்டியோடு போகும் குழுவில் 25 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, ஒலிபெருக்கியும் கூடாது. நாம் 26 பேர். இரண்டாகப் பிரிந்துதான் நடக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நினைவுச்சின்னங்களில் குழுவுக்கு விளக்கம் சொல்வது அங்கே உரிமம் பெற்ற வழிகாட்டிகளின் தொழில். சொந்த மாணவர்களுக்கே ஆனாலும், பாடம் நடத்தத் தொடங்கும் முன் அந்தந்த இடத்துக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்டுவைப்பது நல்லது.

செலவும் கூடும். அரசு அருங்காட்சியகங்களில் 18 முதல் 25 வயதுவரை 2 யூரோ டிக்கெட் என்று படித்துவிட்டுப் பலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தச் சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு மட்டும். நம் மாணவர்கள் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம், ஆனால் அன்றைக்கு உள்ளே உட்கார்ந்து வரைய இடம் இருக்காது.

ஒரு விஷயத்தில் இத்தாலிக்கு ஈடு இல்லை: சைவச் சாப்பாடு. எந்தத் தெருவில் நின்றாலும் வயிறு நிறையும், விலையும் கட்டுப்படியாகும். அதேபோல் உங்கள் மாணவர்கள் இரண்டாம் ஆண்டு, ஸ்டூடியோவை விட வரலாறுதான் முக்கியம் என்றால், நான் சொல்வதை எல்லாம் விட்டுவிட்டு இத்தாலிக்கே போங்கள். ரோமில் ஆறு, ஃபுளோரன்ஸில் மூன்று, விச்சென்சாவில் தங்கி அங்கிருந்து ரயிலில் வெனிஸ் போய்வர மூன்று இரவு. விச்சென்சாவில் 16-ஆம் நூற்றாண்டுக் கட்டடக்கலைஞர் பல்லாடியோவின் கட்டடங்களை அமைதியாக உட்கார்ந்து வரையலாம், வெனிஸைவிட அறையும் மலிவு.

பாரிஸ், ரோட்டர்டாம், பெர்லின்: சரக்கு அதிகம், நாள் போதாது

மனசுக்குப் பிடித்த வழி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நவீனக் கட்டடக்கலையின் முதுகெலும்பு இந்தக் கோட்டில் ஓடுகிறது. பாரிஸிலிருந்து புறநகர் ரயிலில் புவாஸி போனால், சண்டிகரை வடிவமைத்த லெ கொர்பூசியேயின் வில்லா சவோய், 1931-இல் முடித்தது. 2016-இல் யுனெஸ்கோ ஏழு நாடுகளில் அவருடைய 17 கட்டடங்களை ஒரே பட்டியலில் சேர்த்தபோது புவாஸியும் சண்டிகரின் கேப்பிட்டல் வளாகமும் சேர்ந்தேதான் வந்தன. சண்டிகரைப் பார்த்த மாணவர் புவாஸியில் நின்றால், தூண்களில் தூக்கி நிறுத்திய வீடும் சாய்தளமும் இருபது ஆண்டு கழித்துப் பஞ்சாப் வெயிலில் என்னவாக மாறின என்று தானே கண்டுகொள்வார்.

ரோட்டர்டாம் வேறு மாதிரி. 1940 மே 14 அன்று ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசி நகரத்தின் நடுப்பகுதியையே அழித்தன. பழையதை அப்படியே திரும்பக் கட்டாமல் புதிதாகக் கட்டுவது என்று அந்த ஊர் முடிவெடுத்தது. பீட் பிளோமின் சாய்ந்த கனசதுர வீடுகளும், சந்தையின் மேல் வீடுகளை வளைத்துப் போட்ட மார்க்டால் கட்டடமும் எதிரெதிரே நிற்கின்றன. மார்க்டாலில் மேலே குடியிருப்பவர்களின் சில ஜன்னல்கள் கீழே காய்கறிக் கடைகளைப் பார்த்துத் திறக்கின்றன. ஹவுசிங் ஸ்டூடியோவுக்கு அருமையான எடுத்துக்காட்டு.

பெர்லினில் 1910-க்கும் 1933-க்கும் இடைப்பட்ட காலத்து ஆறு குடியிருப்புகளை யுனெஸ்கோ 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் புருனோ டாவுட் வடிவமைத்த குதிரை லாடக் குடியிருப்பை ஒரு முழு நாள் பார்க்கலாம். ஒரு குளத்தைச் சுற்றி லாடம் மாதிரி வளைந்த நீண்ட கட்டடம், கதவுக்குக் கதவு வேறு நிறம். வீடுகளின் கதை அதோடு நிற்கவில்லை. 2004-இல் பெர்லின் தன் கையில் இருந்த ஜி.எஸ்.டபிள்யூ. என்ற வீட்டு நிறுவனத்தைச் சுமார் 65,000 வீடுகளோடு தனியாருக்கு விற்றது. வாடகை ஏறி ஏறி, 2021-இல் பெரிய வீட்டு நிறுவனங்களின் வீடுகளை அரசு எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது பெரும்பான்மை மக்கள் ஆம் என்றார்கள். ஒன்றரை மணி நேரம் போல ரயிலில் போனால் டெஸ்ஸாவில் வால்டர் குரோப்பியஸ் கட்டிய பௌஹௌஸ் வடிவமைப்புப் பள்ளி.

இவ்வளவையும் 12 இரவில் அடைக்க முடியாது என்பதுதான் சங்கடம். பாரிஸிலிருந்து ரோட்டர்டாம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து பெர்லின் போவதற்கே ஒரு பகல் போய்விடும். பல நாட்டு ரயில்களுக்கும் செல்லும் யூரெயில் பாஸ் வாங்கினாலும் பாரிஸிலிருந்து வடக்கே போகும் அதிவேக ரயில்களில் தனியாக இருக்கை பதிவு செய்ய வேண்டும். பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒதுக்கும் இருக்கைகள் குறைவு. 26 பேருக்கு ஒரே ரயிலில் அது கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போட முடியாது. பாரிஸின் நவீனக் கலைக்கூடமான பொம்பிது மையம் 2025-இல் மூடி, 2030 வரை புதுப்பிப்பில் இருக்கிறது. லூவ்ரு அருங்காட்சியகம் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே இருந்து வருபவர்களுக்குக் கட்டணத்தை 32 யூரோவாக உயர்த்திவிட்டது. கட்டடக்கலைக் குழுவுக்கு லூவ்ரின் உள்ளே போவது கட்டாயம் இல்லை, முற்றத்தில் நின்று பிரமிடைப் பார்த்தால் போதும். ஆனால் பாரிஸ் வரை வந்த பிள்ளைகளிடம் லூவ்ரு வேண்டாம் என்று எந்த ஆசிரியரால் சொல்ல முடியும்?

தங்கும் செலவும் மூன்று வழிகளில் இதில்தான் அதிகம். 18 இரவு கையில் இருக்கும் குழு, அதுவும் முதுகலை மாணவர்கள் என்றால் இந்த வழியைத் தயங்காமல் எடுக்கலாம். 12 இரவுக்கு இது ஓட்டமும் நடையுமாக முடிந்துவிடும்.

வியன்னா, பிர்னோ, பிராக்: ஒரே ஆண்டின் மூன்று கட்டடங்கள்

வியன்னாவில் யூ4 மெட்ரோவின் கடைசி நிலையம் ஹைலிகன்ஷ்டாட். வெளியே வந்து தலையைத் தூக்கினால் எதிரே கார்ல் மார்க்ஸ் ஹோஃப். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், கட்டும்போது 1,382 வீடுகள். நகராட்சிக் கட்டடக்கலைஞர் கார்ல் ஏன் (Karl Ehn) என்பவர் வடிவமைத்தது, 1930 அக்டோபரில் திறந்தார்கள். நடுப்பகுதியில் பெரிய வளைவுகள் கட்டடத்தை ஊடுருவிப் போகின்றன. ரயிலில் வந்து இறங்கும் கூட்டம் அவற்றின் வழியாகப் பின்னால் இருக்கும் கால்பந்து மைதானத்துக்குப் போகலாம். வீடுகளுக்குத் தொந்தரவு இல்லை. வளைவுகளுக்கு மேலே நான்கு பீங்கான் சிலைகள் நிற்கின்றன. முகப்பில் சிவப்பு எழுத்தில், இது வீட்டு வரிப் பணத்திலிருந்து வியன்னா நகராட்சி கட்டியது என்று ஆண்டோடு எழுதியிருக்கும். நகரத்தில் நடக்க நடக்க நூற்றுக்கணக்கான சுவர்களில் இந்த எழுத்தைப் பார்க்கலாம்.

அந்த வரியின் கதையை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் உலகப் போருக்குப் பிறகு வியன்னா பசியும் காசநோயுமாக இருந்தது. ஒரு மாடிக்கே தண்ணீர்க் குழாய் ஒன்று, அதுவும் பொது நடையில். 1923-இல் நகராட்சியின் நிதிப் பொறுப்பாளர் ஹூகோ பிரைட்னர் வீட்டு வரி கொண்டுவந்தார். சின்ன வீட்டுக்குச் சொற்பம், மாளிகைக்கு மிக அதிகம். 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலானவை 38 சதுர மீட்டர், கொஞ்சம் பெரியவை 48. நம் கணக்கில் 38 என்பது 410 சதுர அடி. தமிழ்நாட்டில் வாரியம் கட்டித் தரும் அடுக்குமாடி வீடுகளின் அளவுக்குப் பக்கத்தில் வரும். வீடு சின்னதுதான். ஆனால் வீட்டுக்குள்ளேயே தண்ணீரும் கழிப்பறையும் வந்துவிட்டன. வீட்டுக்குள் அடங்காததை எல்லாம் முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள்: சலவைக்கூடம், குளிக்குமிடம், குழந்தைகள் பள்ளி, நூலகம், மருத்துவ நிலையம்.

இங்கேதான் மாணவர்கள் அரை நாள் உட்கார வேண்டும். கார்ல் மார்க்ஸ் ஹோஃபின் மனையில் பெரும்பகுதியைத் திறந்த முற்றமாகவே விட்டிருக்கிறார்கள். படிக்கட்டுகளின் வாசல்கள் தெருவைப் பார்த்து இல்லை, முற்றத்தைப் பார்த்து இருக்கின்றன. வேலை முடிந்து வருகிறவர் யாராக இருந்தாலும் முற்றத்தைக் கடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். அதனால் அங்கே ஆள் நடமாட்டம் இல்லாமல் போவதில்லை. நம் ஊர்க் குடியிருப்புகளில் கட்டடங்களுக்கு நடுவே விடும் இடம் ஏன் வண்டி நிறுத்துமிடமாகிவிடுகிறது என்ற கேள்வியோடு ஒரு மாணவர் இந்த முற்றத்தின் செக்‌ஷனை வரைந்தால், அடுத்த செமஸ்டரில் அவருடைய பிளான் மாறும். பழைய சலவைக்கூடம் ஒன்றில் அந்தக் காலத்தைப் பற்றிய சின்னக் காட்சியகமும் இருக்கிறது. 1934 பிப்ரவரி உள்நாட்டுச் சண்டையில் அரசுப் படை இந்தக் கட்டடத்தின் மீதே பீரங்கியால் சுட்டது.

ஒரு வேண்டுகோள். இவை எல்லாம் மனிதர்கள் குடியிருக்கும் வீடுகள். 26 பேர் கேமராவோடு ஒரு முற்றத்துக்குள் நுழைந்தால் யாருக்கும் பிடிக்காது. ஆறு ஆறு பேராகப் போங்கள், ஜன்னல்களைப் படம் எடுக்காதீர்கள், எதிர்ப்படும் பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லுங்கள். பென்சிலும் நோட்டும் வைத்து உட்கார்ந்திருப்பவரிடம் அவர்களே வந்து பேசுவார்கள்.

வியன்னா அங்கேயே நின்றுவிடவில்லை என்பதுதான் பெரிய விஷயம். பெர்லின் விற்றது, வியன்னா தன் வீடுகளை விற்கவில்லை. இன்றும் நகரத்து மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நகராட்சி வீடுகளிலோ மானிய வீடுகளிலோ வாழ்கிறார்கள். தெற்கே ஆல்ட்டெர்லா குடியிருப்பு, 1970-களிலும் 80-களிலும் ஹாரி கிளுக் கட்டியது, சுமார் 3,200 வீடுகள். கீழ் மாடிகள் படிப்படியாக உள்வாங்கி, ஒவ்வொரு மாடத்திலும் செடித் தொட்டி. மொட்டை மாடியில் நீச்சல் குளம். உழைக்கும் குடும்பங்களுக்கு இவ்வளவு வசதி தேவையா என்று அன்றைக்குக் கேட்டவர்கள் உண்டு. தேவை என்பதற்கு அந்தக் கட்டடமே பதில். கிழக்கே பழைய விமானத் தளத்தில் ஆஸ்பெர்ன் ஏரி நகரம் இப்போதும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அங்கே பெரும்பாலான வீடுகள் வருவதற்கு முன்பே, 2013-இல், மெட்ரோ வந்துவிட்டது. முதலில் வீடு, பிறகு பத்து ஆண்டு கழித்துப் போக்குவரத்து என்று பழகிய நமக்கு இந்த வரிசையே ஒரு பாடம். தெருக்களுக்குப் பெரும்பாலும் பெண்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள்.

ஆக, 1920-களிலிருந்து இன்றுவரை ஒரே ஊரில், ஒரே மெட்ரோ டிக்கெட்டில், ஹவுசிங்கின் நூறு ஆண்டைப் பார்த்துவிடலாம். இந்த ஒன்றுக்காகவே நான் இந்த வழியைத் தேர்ந்தெடுப்பேன்.

வியன்னாவிலிருந்து ஒன்றரை மணி நேர ரயிலில் பிர்னோ. அங்கே மீஸ் வான் டெர் ரோ கட்டிய டுகெண்ட்ஹாட் வில்லா. அதுவும் 1930-இல் முடிந்ததுதான். தெருவிலிருந்து பார்த்தால் ஒரு மாடி மாதிரி தெரியும். சரிவில் இறங்கினால் மூன்று தளம். கூடத்தில் குரோமியம் பூசிய சிலுவை வடிவத் தூண்கள், மொராக்கோவிலிருந்து வந்த ஓனிக்ஸ் கல் சுவர், தரைக்குள் இறங்கி மறையும் பெரிய கண்ணாடி ஜன்னல்கள். வீட்டுக்காரர்களான யூதக் குடும்பம் எட்டே ஆண்டில், 1938-இல், நாஜிகளுக்குப் பயந்து வெளியேற வேண்டியதாயிற்று. போருக்குப் பிறகு நெடுங்காலம் அது குழந்தைகளுக்கான உடற்பயிற்சிச் சிகிச்சை மையமாக இருந்தது. 1992-இல் செக்கோஸ்லோவாகியாவை இரண்டாகப் பிரிக்கும் பேச்சு நடந்ததும் இங்கேதான்.

பிராகில் மூன்றாவது கட்டடம்: அடால்ஃப் லோஸின் முல்லர் வில்லா, அதுவும் 1930. லோஸ் பிறந்தது பிர்னோவில், வேலை பார்த்தது வியன்னாவில். 1911-இல் அரண்மனைக்கு எதிரே அலங்காரமே இல்லாத முகப்போடு அவர் கட்டிய கட்டடத்துக்கு ஊரே கொதித்தது. கடைசியில் ஜன்னல்களில் பூந்தொட்டி வைத்துச் சமாதானம் செய்தார்கள். 1920-களின் தொடக்கத்தில் வியன்னா நகராட்சியின் குடியேற்ற அலுவலகத்தில் ஏழைகளுக்கு வீடு வடிவமைக்கும் பொறுப்பில் அவர் இருந்தார். அவரே பிராகில் ஒரு செல்வந்தருக்கு, ஒவ்வொரு அறையும் வேறு வேறு உயரத்தில் ஒன்றுக்குள் ஒன்று திறந்துகொள்ளும் வீட்டைக் கட்டினார்.

ஹவுசிங் படிக்கப் போகிறவர்களுக்குப் பணக்கார வீடுகள் எதற்கு என்று கேட்கலாம். ஒரே ஆண்டில், சில மணி நேர ரயில் தூரத்தில், ஒரு பக்கம் ஒரு குடும்பத்துக்கு நூற்றுக்கணக்கான சதுர மீட்டர், இன்னொரு பக்கம் ஒரு குடும்பத்துக்கு நாற்பது, ஐம்பதுதான். இரண்டிலும் வெளிச்சமும் காற்றும்தான் கவலை. இந்த ஒப்பீட்டை மாணவர்கள் அளந்து, ஒரே அளவுகோலில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்க்க வேண்டும். பிராகில் இன்னொரு முனையும் காத்திருக்கிறது: மெட்ரோவின் தென்கோடியில் கம்யூனிச ஆட்சிக் காலத்துக் கான்கிரீட் பலகைக் கட்டடங்கள், வரிசை வரிசையாக. பழைய நகரத்தைச் சுற்றும் கூட்டத்தை விட்டு ஒரு பகல் அங்கே போனால், தொழிற்சாலையில் வார்த்த சுவரை வைத்து வீடு கட்டுவதன் பலமும் வறட்சியும் இரண்டும் தெரியும்.

குறைகளும் உண்டு. செக் நாட்டில் யூரோ இல்லை, கொருணா. இரண்டு நாணயத்தில் கணக்கு வைக்க வேண்டும். ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களில் இருப்பவை மட்டும் திறந்திருக்கும். சமையலறை உள்ள ஹாஸ்டலில் தங்கி, சனிக்கிழமையே அரிசியும் காய்கறியும் வாங்கி வைத்துவிட வேண்டும். சைவக்காரர்களுக்கு பிராகில் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். தண்ணீர் மட்டும் வாங்கவே வேண்டாம். வியன்னாவின் குழாயில் வருவது மலை ஊற்றுத் தண்ணீர், 1873-லிருந்து அப்படித்தான். புடாபெஸ்டையும் சேர்த்துவிடலாமே என்று கட்டாயம் ஒருவர் கேட்பார், வியன்னாவிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள்தான். வேண்டாம். மூன்றாவது நாணயம், எதிர்த் திசை, வியன்னாவிலிருந்து இரண்டு நாள் குறையும்.

விசா, பருவம், முன்பதிவு

மூன்று வழிகளும் ஷெங்கன் பகுதிக்குள்தான், அதனால் ஒரே விசா. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. வியன்னாவில் ஆறு, செக் நாட்டில் ஆறு என்று போட்டால் இந்தக் குழப்பம் வரும். வியன்னா ஏழு, பிர்னோ ஒன்று, பிராக் நான்கு என்று வைத்தால் ஆஸ்திரியா என்று தெளிவாகிவிடும். பாரிஸ் வழியில் மூன்று நாடு. நாள்களைப் பிரிக்கும்போதே இதைப் பார்க்க வேண்டும்.

பெரியவர்களுக்கு ஷெங்கன் விசாக் கட்டணம் 90 யூரோ. ஆனால் படிப்புக்காகவோ கல்விப் பயிற்சிக்காகவோ போகும் மாணவர்களுக்கும் கூட வரும் ஆசிரியர்களுக்கும் விசா விதிகளிலேயே கட்டண விலக்கு இருக்கிறது. பல கல்லூரிகள் இதைக் கேட்பதே இல்லை. 26 பேருக்கு இது 2,340 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். விலக்குக் கேட்க வேண்டுமானால் கல்லூரிக் கடிதத்தில் சுற்றுலா என்ற வாசனையே இருக்கக் கூடாது: பாடத்தின் பெயர், ஒவ்வொரு நாளும் எந்தக் கட்டடத்தில் என்ன பயிற்சி, எல்லாம் வேண்டும். அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து அழைப்புக் கடிதம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஏஜென்சியின் ஒன்பது நகர அட்டவணையை இணைத்துவிட்டு விலக்குக் கேட்டால் கிடைப்பது கஷ்டம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

பருவத்தைப் பொறுத்து என் முடிவு மாறும். ஜூனில் வியன்னாவில் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும். சாப்பிட்டுவிட்டு மறுபடி போய் வரையலாம். டிசம்பரில் நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், விரல் விறைத்துப் பென்சில் பிடிக்க முடியாது. உங்கள் கல்லூரிக்கு டிசம்பர் விடுமுறைதான் வாய்க்கும் என்றால் இத்தாலியை எடுங்கள். அப்போது கூட்டமும் குறைவு.

வியன்னா, பிர்னோ, பிராக் மூன்றும் ஒரே ரயில் தடத்தில் இருப்பதால் யூரெயில் பாஸ் தேவையில்லை. ஆஸ்திரிய ரயில்வேயின் முன்பதிவுச் சலுகை டிக்கெட், இல்லையென்றால் அதே தடத்தில் ஓடும் தனியார் ரயிலான ரெஜியோஜெட், இரண்டும் முன்கூட்டி எடுத்தால் மலிவு. விமானத்தில் வியன்னாவில் இறங்கி பிராகிலிருந்து திரும்பினால் வந்த வழியே போக வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது டுகெண்ட்ஹாட் முன்பதிவு. ஒரு முறைக்குச் சுமார் 15 பேரைத்தான் உள்ளே விடுவார்கள், பல மாதங்களுக்கு முன்பே இடம் நிறைந்துவிடும். நமக்கு அடுத்தடுத்து இரண்டு நேரம் வேண்டும். முல்லர் வில்லாவில் குழு அதைவிடச் சின்னது, அங்கே நான்கைந்து பிரிவாகப் போக வேண்டியிருக்கும். அதனால் முதலில் பிர்னோவில் எந்த நாள் கிடைக்கிறது என்று பாருங்கள். அந்த நாளை நடுவில் வைத்து, முன்னால் ஏழு இரவு வியன்னா, பின்னால் நான்கு இரவு பிராக் என்று எண்ணி, அதற்கப்புறம் விமான டிக்கெட்டைத் தேடுங்கள்.